பம்புக்குள் ஒரு தோடு

"பம்ப் செத்துப்போச்சு டீச்சர். அது ஓடித் தண்ணிய வெளிய தள்ளினாதான் கதவுப் பூட்டு திறக்கும். கவலைப்படாதீங்க, புதுசு கொண்டாந்திருக்கேன்."

வாஷிங் மெஷினின் வயிற்றைத் திறந்துபோட்டு மெக்கானிக் தரையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வீட்டுத் துணி மொத்தமும் காலையிலிருந்து ஊறிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் மெஷின் உர்ரென்று முனகும், அவ்வளவுதான். வேலை செய்யாமல் கையெழுத்து மட்டும் போடுகிற ஆள் மாதிரி.

கழற்றிய பம்பையும் மாட்டப்போகிற பம்பையும் செய்தித்தாளில் வைத்துவிட்டு, வடிந்த அழுக்குத் தண்ணீரைக் கொட்ட மெக்கானிக் வாளியோடு பின்பக்கம் போனார்.

டீச்சருக்குச் சும்மா உட்கார வராது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பிட் பிடிப்பதில் பேர்போனவள். ஒரு பம்பை எடுத்து உலுக்கினாள். உள்ளே கலகலவென்றது. ஹேர்பின்னை விட்டு நோண்டினாள். விசிறியில் சுற்றியிருந்த முடி வந்தது. முடியைப் பிடித்து இழுத்தாள். ஒரு தோடு வந்தது.

நீளமான முடி. செம்பட்டைச் சாயம். டீச்சரின் முடி கழுத்தைத் தாண்டாது, கறுப்பு.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

புருஷன் வந்தான்.

"இது யாரோடது?"

"உன்னோடதுதான்."

"என் தோடு எனக்குத் தெரியாதா? இந்த முடியும் என்னோடதா?"

"அப்போ... தங்கச்சியோடதா இருக்கும். போன மாசம் வந்திருந்தாளே."

டீச்சர் உடனே நாத்தனாரை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"தோடா? நான் தோடு போட்டே ரெண்டு வருஷமாச்சு அண்ணி. குழந்தை பிடிச்சு இழுக்குது. ஏன் கேக்கறீங்க? அண்ணன் என்ன பண்ணான்?"

"இன்னும் சொல்லல. சொல்ல வெச்சுட்டுக் கூப்பிடறேன்."

மெக்கானிக் காலி வாளியோடு திரும்பினார். தோட்டைப் பார்த்தார். டீச்சர் கையிலிருந்த பம்பைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"டீச்சர், அது வந்து..."

"நீங்க பேசாதீங்க. இது குடும்ப விஷயம்."

புருஷன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "சரி, சொல்லிடறேன். உனக்குத்தான் வாங்கினேன். திடீர்னு கொடுத்து அசத்தலாம்னு சட்டைப் பையில வெச்சிருந்தேன். அப்படியே துவைக்கப் போட்டுட்டேன் போல."

"கடையில முடி சுத்தித்தான் கொடுத்தாங்களா?"

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "சார், நான் ஒண்ணு சொல்லலாமா..."

"உங்க வேலையப் பாருங்கண்ணே!" இந்த முறை அதட்டியது புருஷன்.

டீச்சருக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். மெஷினும் அப்போது புதுசாக வாங்கியதுதான். இரண்டிலும் இன்னொருத்தி கை பட்டதில்லை என்று இன்று காலைவரை நம்பிக்கொண்டிருந்தாள். அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். ஆனால் பெட்டி கட்டத் துணி வேண்டுமே, அத்தனையும் பூட்டுக்குள் கிடந்தது.

அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. தேர்வறையில் அவள் யார் பையிலும் கைவிட்டுத் துழாவியதில்லை. பின்னால் போய்ச் சும்மா நிற்பாள். பிட்டை மாணவனே எடுத்து நீட்டிவிடுவான். இப்போதும் புருஷனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

பத்து எண்ணுவதற்குள் அவன் உடைந்தான்.

"ஆபீஸ்ல கூட வேலை பாக்கற பொண்ணு. அவ வீட்டு மெஷின் ரிப்பேர். நீ வெளியூருக்குப் பேப்பர் திருத்தப் போயிருந்தப்போ துணி துவைக்க வந்தா. அவ்வளவுதான்."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

டீச்சர் நகரவில்லை.

"...அஞ்சு தடவை."

"நான் போயிருந்ததே அஞ்சு நாள்தான். தினமும் துவைக்கற அளவுக்கு அவகிட்ட அப்படி என்ன அழுக்கு?"

தோட்டைப் பார்க்கப் புருஷனுக்குத் தைரியம் வரவில்லை.

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அவசரப்பட்டுட்டீங்களே சார்! டீச்சர் கையில இருக்கறது உங்க மெஷின் பம்பே இல்ல, வேற வீட்ல கழட்டிப் புதுசுன்னு நான் கொண்டாந்தது."