எடுக்காத பிரேதமும் என் பொன்னுருக்கும்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது கத்துவதற்கு மழை வேண்டும். எனக்கு இரண்டு பேர் சும்மா நின்றாலே போதும்.

புலம்பெயர்ந்த நாட்டில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு நகைக்கடையில் எனக்குப் பொன்னுருக்கு. (தாலிக்கான பொன்னை நல்ல நேரத்தில் மாப்பிள்ளையின் கண்முன்னே உருக்கும் சடங்கு.) என் பெற்றோர் ஊரில் இருந்ததால் பெண்ணின் அம்மாதான், அதாவது வருங்கால மாமிதான், எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினார். இந்த நேரம் தவறினால் அடுத்த நல்ல நாள் மாதக்கணக்கில் தள்ளிப்போகும், பிடித்த மண்டபமும் கைவிட்டுப் போகும் என்று புறநகரான செவ்ரானிலிருந்து ரயிலில் வரும்போது முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

நானோ முதல்நாள்தான் வேலையிடத்து நண்பர்களுடன் ஒரு குளிர்நாட்டுத் தலைநகரைச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தேன். (நாட்டின் பெயர் வேண்டாம். இரண்டு அரசுகளுக்கு நடுவில் என்னால் பிரச்சினை வரக்கூடாது.) அங்கே ஒரு பெருந்தலைவரின் உடலைப் பதப்படுத்திக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். இமைமயிர் உண்மையானதா என்று பார்க்கக் குனிந்தேன். காவலாளி அதட்டித் தள்ளிவிட்டான். அந்தச் சந்தேகம் விமானத்திலும் என்னை விடவில்லை.

விளக்கு ஏற்றியாயிற்று. நகைக்கடை அண்ணை பொன்னை உருக்கத் தயாரானார். நான் சும்மா நின்றேனா?

"அண்ணை, நேற்று ஒராளைப் பாத்தனான். செத்து நூறு வருசமாம். நித்திரை கொள்ளுற மாதிரியெல்லே கிடக்கிறார்!"

மாமி உடைக்க எடுத்த தேங்காயைக் கீழே வைத்தார்.

"தம்பி, பிரேதமே பாத்தனீங்கள்?"

"ஓம் மாமி."

"தலைக்கு முழுகினனீங்களே?"

"மேல் கழுவினனான். தடிமன் மாமி, மூக்கு அடைச்சிருந்தது."

"ஐயோ! செத்தவீட்டாலை வந்து பொன்னுருக்குக்கு நிக்கிறாரே!"

"அது செத்தவீடு இல்லை மாமி. லைனிலை நிண்டு பாக்கிற இடம்."

"செத்தவீட்டிலையும் லைனிலை நிண்டுதான் பாக்கிறது."

கல்யாணம் கையைவிட்டுப் போகப்போகிறது என்று நினைத்தேன். மாமி கோயில் ஐயருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"எப்ப மோசம் போனவர்?" என்றார் ஐயர்.

"நூறு வருசம் இருக்கும், ஐயா," என்றேன்.

"எப்ப எடுத்தது?"

"இன்னும் எடுக்கேல்லை."

பிரேதத்தை எடுக்காமல் வைத்திருக்க ஐயருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்.

"வெளிநாட்டிலையிருந்து ஆரும் வரோணுமோ?"

பிறகு தீர்ப்பு வந்தது. செத்தவருக்கு உரித்துக்காரன் இல்லையென்றால் துடக்கு, அதாவது மரணத்தீட்டு, இல்லை. ஆனால் முழுகத்தான் வேண்டும், அதுவும் நேரம் போவதற்குள்.

கடையில் இருந்ததோ கை கழுவும் தொட்டி மட்டும். பக்கத்துச் சாப்பாட்டுக்கடையின் குசினிக்கு ஓடினேன். பட்டுவேட்டியோடு என்னை நிற்கவைத்து, தட்டுக் கழுவும் குழாயால் தலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். தண்ணீர் பச்சைத்தண்ணீர். சமையற்காரரின் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, கொத்துரொட்டி வாசத்தோடு திரும்பி ஓடிவந்தேன். அண்ணை அவசரமாகத் தீயை மூட்டினார்.

பொன் உருகத் தொடங்கியதும் மாமி என் பக்கம் சரிந்தார்.

"தம்பி, அந்தாளுக்கு உடுப்பு மாத்திறவையே?"

"மாத்துவினமாக்கும் மாமி."

"ஆர் மாத்திறது? பெஞ்சாதி பிள்ளையள் இல்லையே?"

"தெரியாது மாமி."

"அப்ப வாய்க்கரிசியும் போட்டிருக்க மாட்டினம்," என்றார் மாமி. அவருடைய கண் கலங்கிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. நான் இமைமயிரைத்தான் பார்த்தேன், ஒரு மனிதன் இன்னும் வீட்டுக்காரரால் வழியனுப்பப்படாமல் கிடக்கிறான் என்பது மாமிக்குத்தான் தோன்றியது.

கல்யாணம் நடந்தது. ஆல்பத்தின் முதல் படத்தில் நான் சமையற்காரனாக நிற்கிறேன். என் மகள் அதைக் காட்டி, "பப்பா, அப்ப நீங்கள் றெஸ்ரோறண்டிலையோ வேலை?" என்று கேட்பாள்.

இன்றைக்கும் வீட்டில் ஒரு நல்ல காரியம் தொடங்கும்போது, எல்லோரும் கூடியபின் மாமி என்னைப் பார்ப்பார்.

"மாப்பிளை, அந்தாளை எடுத்தாச்சே?"

"இல்லை மாமி."

"அப்ப நீங்கள் போய் முழுகுங்கோ."