ஆறு ஈயக் கரண்டிகளின் வாரிசுகள்

வம்சம் தேடிகள் என்று ஒரு மனித இனம் உண்டு. எங்கள் வட கரோலினா மலைப்பக்கத்தில் ஒரு கல்லை விட்டெறிந்தால் இரண்டு வம்சம் தேடிகள் மேல் படும். மூன்றாமவர் ஓடிவந்து, அந்தக் கல் எந்தப் பாட்டன் கல்லறையிலிருந்து பெயர்ந்தது என்று விசாரிப்பார்.

எங்கள் டெல்பர்ட் மெக்கில்வீனையே பாருங்கள். வட அயர்லாந்திலிருந்து இருநூற்றெண்பது வருஷங்களுக்கு முன் கப்பலேறிய ஸ்காட்டு வம்சத்து ஆண்ட்ரூவின் வழித்தோன்றல். பெற்ற பிள்ளைகளின் பிறந்தநாள் நினைவில்லை. ஆண்ட்ரூ செத்த கிழமை தெரியும். ஆண்ட்ரூ ஒரு பிரபு என்று நிரூபிக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. பிரபு எதற்கையா பட்டினியோடு கப்பலேறினான்?

போன வருஷம் எச்சிலைக் குப்பியில் துப்பி மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். பொருந்தி வந்த அத்தனை பேருக்கும், முகம் பாராமல், 'ஆண்ட்ரூவின் ரத்தமே, வருக!' என்று கடிதம் போட்டார்.

ஆகஸ்டில் குடும்பக் கூடல். தேவாலய முற்றத்தில் வறுத்த கோழியும் சோள ரொட்டியும் காத்திருக்க, வழக்கம்போல டெல்பர்ட் ஆண்ட்ரூவின் உயிலை வாசித்தார். "மகன் ஜேம்ஸுக்குச் செங்குதிரை, இறகு மெத்தை, ஆறு ஈயக் கரண்டி..." ஆறும் இன்று எவரெவர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன என்பது வரை கண்டுபிடித்து வைத்திருந்தார். எல்லாம் மறுநாள் அச்சுக்குப் போகும் குடும்பப் புத்தகத்தில் ஏறியாயிற்று.

பின்வரிசையிலிருந்து ஒடெஸா எழுந்தார். பக்கத்து ஊர் நர்ஸ், கறுப்பினத்தவர். கையில் அதே உயிலின் நகல்.

"கரண்டிக்கு அடுத்த வரியைத் தாண்டிட்டீங்களே, ஐயா."

"அது சில்லறைச் சாமான்மா. சாப்பாடு ஆறிடும்."

"'டைனாங்கிற அடிமைப் பொண்ணு, அவ மகன் சாம், வயசு இருபது.' அந்தச் சில்லறையோட வம்சம்தான் நான். எங்கம்மாவுக்குத் தொண்ணூறு வயசு. கண்ணை மூடறதுக்குள்ள அந்தப் புத்தகத்துல எங்க பேரைப் பார்க்கணுமாம்."

"ஆதாரம்?"

"நீங்க போட்ட கடுதாசிதான்!"

டெல்பர்ட்டின் அக்கா ஐமோஜின் கோழிக்காலை நீட்டினார். "அவ மூக்கைப் பாருடா. அப்படியே நம்ம அப்பா மூக்கு. எழுதித் தொலை, பசிக்குது!"

டெல்பர்ட் தொண்டையைக் கனைத்தார். "கடைசிப் பக்கத்துல, தனி இணைப்பா..."

"கடைசி இடம் எங்களுக்குப் பழகினதுதான். ஆனா ஜேம்ஸுக்கு அப்போ பதினெட்டு. ஆண்ட்ரூவுக்குச் சாம்தான் மூத்த மகன், பங்காளி. முதல் பக்கம்."

ஐமோஜின் எண்ணெய்க் கையோடு தம்பியின் பேனாவைப் பிடுங்கி, அவர் கையிலிருந்த புத்தகப் பிரதியின் முதல் பக்கத்திலேயே சாம் பெயரை எழுதினார். அந்தக் கறையோடுதான் அச்சாகியிருக்கிறது புத்தகம்.

சிரிக்கிறீர்களா? உங்கள் தாத்தாவின் வெள்ளிக் கூஜா எந்த அலமாரியில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதை நாற்பது வருஷம் துலக்கி வைத்தவள் பெயர் என்ன?