மூன்று மடக்குத் தண்ணீர்

"எம் புருசன் கண்ணு முன்னால குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காவ. அதுக்குள்ள எனக்குக் கோடி குடுக்க வந்துட்டியளா?"

இப்படிக் கேட்டுவிட்டு, நான் கொடுத்த வெள்ளைத் துணியை என் காலடியிலேயே போட்டாள் பேச்சியம்மாள். பின்னால் நின்ற பெண்களும் ஒவ்வொருவராகத் தங்கள் துணியை அதன் மேல் போட்டார்கள். செத்த நேரத்தில் என் முன்னால் வண்ணானுக்குப் போட்ட மாதிரி ஒரு குவியல்.

நான் போனது வேறொன்றுக்குமில்லை, தண்ணீரை வடிகட்டிக் குடிக்கச் சொல்ல.

தேவதானத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். அங்கே இருப்பது படி வைத்த கிணறு. படியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று குடத்தை முக்குவார்கள். கோடை வந்தால் பாதி ஊருக்கு நரம்புச் சிலந்தி. காலில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, வெள்ளை நூல் போல ஒரு புழு தலையை நீட்டும். அந்தக் காலோடு கிணற்றில் இறங்கினால் அது தண்ணீரில் குஞ்சு விடும். அதைக் குடிப்பவருக்கு அடுத்த வருஷம் புழு. துணியில் வடிகட்டினால் தீர்ந்தது கதை.

இதைப் போய்ச் சொல்ல எங்கள் ராஜபாளையம் மாதர் சங்கத்தில் ஆள் கேட்டார் சுகாதார இன்ஸ்பெக்டர். "முதல்ல ஒருக்கப் போய் அந்தப் பொம்பளைகளோட பேசிட்டு வாங்கம்மா. துணியெல்லாம் பொறவு பாத்துக்கலாம்" என்றார்.

எனக்குப் 'பொறவு' என்ற வார்த்தையே ஆகாது. "பேச என்ன இருக்கு? மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்ல இருப்பேன்" என்றேன். ஒரு பீஸ் புது மல் துணி வாங்கி, நாற்பதாகக் கிழித்து, வண்டி ஏறிவிட்டேன். போய் இறங்கியதும், ஒரு மடக்கே போதும், புழு வரும் என்று ஒரு பிரசங்கம் பண்ணிவிட்டுத் துணியை நீட்டினேன்.

தாலி அறுத்தவளுக்குப் போடும் கோடி அது, புருஷன் இருக்கிறவளுக்குப் புது வெள்ளைத் துணி கொடுத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எங்கள் வேதக்காரர் வீட்டில் கலியாணப் பெண்ணே வெள்ளைதான் கட்டுவாள். நான் படித்த கன்னியர் மடத்திலோ வெள்ளை என்றால் சுத்தம், சுத்தம் என்றால் மோட்சம். மற்றதை யோசிக்கச் சற்று நின்றிருக்க வேண்டும். நிற்பது நம் வழக்கத்தில் இல்லை.

இதில் பேச்சியம்மாளின் புருஷனுக்குக் காலில் புழு. சித்திரை உழவுக்குப் போக முடியாமல் வேப்பமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வெளியே வந்த மட்டும் புழுவை ஒரு ஈர்க்குச்சியில் சுற்றி வைத்திருந்தது.

"கோவிக்காதிய தாயி," என்றார் அவர். "காலுதான் போயிருக்கு. நான் போக இன்னும் நாளாகும்."

எனக்கு முகம் எரிந்தது. துணி விவகாரம் என் பிரசங்கத்தையும் சேர்த்து விழுங்கிவிடக் கூடாதே என்று, "மஞ்சள் கொண்டாங்க. அஞ்சு நிமிஷத்துல முக்கி எடுத்துட்டா மங்களமாயிரும்" என்றேன்.

"மஞ்ச இருக்கு. தண்ணி எடுத்துட்டு வாரேன், செத்தப் பொறுங்க" என்றாள் பேச்சியம்மாள்.

பொறுத்தேனா? குடத்தைப் பிடுங்கிக்கொண்டு நானே படியில் இறங்கினேன். மூன்றாவது படியில் பாசி. நான்காவது படியை நான் பார்க்கவே இல்லை.

கொண்டையைப் பிடித்துத்தான் தூக்கினார்கள்.

"தண்ணி எம்புட்டு குடிச்சிய?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"மூணு மடக்கு."

பின்னால் நின்ற ஒருத்தி விரல் விட்டு மாதத்தை எண்ணினாள். "அப்ப வருசம் திரும்புறதுக்குள்ள வந்துரும். நீங்கதான சொன்னிய, ஒரு மடக்கே போதும்னு?"

சொன்னேன்தான். இன்ஸ்பெக்டர் என்னிடம் 'வரலாம்' என்றுதான் சொன்னார். பயம் இருந்தால்தான் ஜனங்கள் கேட்பார்கள் என்று நான் அதை 'வரும்' ஆக்கியிருந்தேன்.

வேப்பமரத்தடியிலிருந்து குரல் வந்தது. "பாப்போம் தாயி. வருதான்னு பாப்போம்."

அன்று முதல் என் கால் என்னுடையதாக இல்லை. புழு வந்தால் நான் நொண்டி. வராவிட்டால் நான் பொய்க்காரி, அந்த ஊரில் ஒருத்தியும் ஒரு குடம் தண்ணீர்கூட வடிகட்டப் போவதில்லை. இரண்டில் எதற்காக ஜெபம் பண்ணுவது? சாமியாரிடம் கேட்கவும் வெட்கம்.

சந்தையில் அந்த ஊர்ப் பெண்கள் எதிர்ப்பட்டால் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், காலைப் பார்ப்பார்கள். "கால் சொகமா இருக்கா?" ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்தில், அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் ஒருத்தி குனிந்து பார்த்தாள்.

வீட்டில் இவர் வேறு. "உன் மரியாதைக்காகவாவது அது வரட்டும்" என்பார், பேப்பரைத் தாழ்த்தாமலே.

பங்குனியில் வலது கணுக்காலில் அரிப்பெடுத்தது. மூன்றாம் நாள் கொப்புளம். ஐந்தாம் நாள் வெள்ளையாகத் தலை. உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். நான் சொன்னது சரியாகிவிட்டதே. அந்தச் சந்தோஷம் வலி ஏறும் வரைக்கும் இருந்தது.

டாக்டர், "இழுத்துராதீங்க. அறுந்தா கால் வீங்கிரும். தினம் ஒரு சுத்து, மெள்ள" என்றார். மறுநாளே இழுக்கப் பார்த்தேன். இவர் பார்த்துவிட்டு, கை பழகினவள் வேண்டும் என்று பேச்சியம்மாளுக்கே ஆள் அனுப்பினார்.

ஈர்க்குச்சியோடு வந்தாள். காலை மடியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

"பாத்தியா பேச்சி? சொன்னபடி வந்துருச்சு," என்றேன். "இனியாவது எல்லாரும் வடிகட்டுவீங்கள்ல?"

"நாங்க போன சித்திரையிலேயே ஆரம்பிச்சாச்சே."

"என்னது?"

"நீங்க முங்கி எந்திரிச்சதும் உங்க மூஞ்சி போன போக்கைப் பாத்தோம்லா. சொன்னவுகளே இப்படி நடுங்கினா நெசமாத்தான் இருக்கும்னு மறுநாளே பானைக்குத் துணி கட்டியாச்சு. இந்த வருசம் எங்க வீட்டுல அவிய ஏர் பிடிக்கப் போயிட்டாவ."

"துணி?"

"பழைய சேலைக் கிழிசல்தான். அது எந்த வீட்டுல இல்ல?"

"அப்ப ஒரு வருஷமா எங் காலை எதுக்குப் பாத்தீங்க?"

"பாவம், நல்ல பொம்பளையேன்னு பாத்தோம்."

"ஆரம்பிச்சாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்க கேட்டிய?"

ஒரு சுற்று சுற்றிக் குச்சியைக் காலோடு வைத்துக் கட்டினாள். "இது ஆறுத மட்டும் எங்க கெணத்துப் பக்கம் வந்துறாதிய," என்றாள். என் பிரசங்கத்தில் இருந்த அதே குரல். கேட்கிறவருக்கு அது இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"எத்தனை நாள் ஆகும்?"

"இருபது, முப்பது. பொறுங்க."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். இவர் பேப்பருக்குள் போய்விட்டார்.

"பேச்சி, இன்னைக்கு மட்டும் இன்னும் ஒரே ஒரு சுத்துச் சுத்திட்டுப் போயேன்."