ராய்ஸ் ஹான்ரஹன் இழுகோல் ஏறிய படலம்

வாழ்க ராய்ஸ் ஹான்ரஹன்! ஐம்பது கடந்த பெருந்தோளன். ஜிண்டபைன் ஊர்ப் பெருவழியில் கடை விரித்து, உறைபனிச் சாலையில் சறுக்கி மாளவிருந்த கார்க்குலம் அனைத்திற்கும் தன்னிரு கைகளால் டயருக்குச் சங்கிலி பூட்டிக் காத்தருளிய காவலன். ஆண்டுதோறும் மனையாளை மலைமுடிக்கு அனுப்பிவிட்டு, அடிவாரத்துக் காபிக்கடையில் அவளது கைப்பையைக் கண்ணிமைபோல் காத்துக் கிடந்த கற்பின் செல்வன்! அவன் புகழ் பாட என் நாவுக்கு வலுவுண்டாகுக. பனிச்சரிவில் சறுக்கும் பலகையில் மட்டும் அவன் அதுவரை கால் வைத்ததே இல்லை.

சறுக்க வருவோரை மலையேற்றுவது இழுகோல். ஓயாது ஓடும் கம்பியிலிருந்து தொங்கிவரும் அக்கோலின் அடியில் ஒரு குறுக்குக்கட்டை. இப்பக்கம் ஒருவர், அப்பக்கம் ஒருவர் என இருவரைச் சேர்த்து இழுத்துச் செல்வதே அதன் மாறா நெறி. துணையற்றோர் வரிசையில் நின்று “ஒத்த ஆளு!” என்று கூவவேண்டும், இன்னொரு ஒத்த ஆள் வந்து ஒட்டிக்கொள்வார். ராய்ஸின் மனைவி லியோனி, பலகைமேல் பறவையெனப் பாயும் அந்த நங்கை, கல்யாணமான நாள்முதல் அப்படித்தான் கூவிவந்தாள்.

தென்கோளத்துக் குளிர்காலமான இந்த ஜூலையில் ஒருநாள் கீழிறங்கி வந்தவள், கையுறையைக் கழற்றியபடியே சொன்னாள்: “இன்னைக்கு நம்ம பல் டாக்டர்கூடப் போனேன் ராய்ஸு. வழி பூரா சிரிக்க வச்சுட்டாரு மனுசன். அடுத்த ஞாயிறும் வர்றாராம்.”

அந்தோ! மீசை துடித்தது, அக்கணமே வீரன், ‘அக்கோலின் மறுபாதி எனதே! எனதன்றி எவனதும் அன்று!’ என்று நெஞ்சுக்குள் முரசறைந்தான். பொறாமை என்று சொல்லிவிடாதீர்கள். பொறாமைதான்.

மனைவிக்குத் தெரியாமல், கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போய்ப் புதியவர் வகுப்பில் சேர்ந்தான். உடன்பயின்ற படையினர் எல்லாம் பால்பல் விழாதவர். இரு கால்களையும் ஒரே பலகையில் பிணித்துக்கொண்ட மாவீரன் முன்னே விழுந்தான், பின்னே விழுந்தான், எதிரி எவருமின்றி, காற்றுமின்றி, நின்ற இடத்தில் நின்றபடியே விழுந்தான். விழுந்த வேகத்தில் பனி குழிந்தது, பள்ளம் பிறந்தது, அப்பள்ளத்தில் இன்னும் இருவர் விழுந்தனர். கடைசியில் இமோஜென் என்னும் ஆறு வயதுச் சேனாபதி அவனருகே வழுக்கி வந்து நின்றாள்.

“அங்கிள், கால பாக்காதீங்க. அது எங்கயும் போவாது, அதான் கட்டியிருக்கே.”

அவ்வுபதேசத்தால் அவன் நிமிர்ந்தான். சனிக்கிழமை மாலைக்குள், விழுவதற்கு முன் கொஞ்ச தூரம் போகவும் கற்றிருந்தான்.

புலர்ந்தது ஞாயிறு. வரிசையின் தலையில் லியோனி நிற்க, பச்சைச் சட்டை பளபளக்க, வெண்பற்கள் பகலவனைப் பழிக்க, “போலாமா லியோனி?” என்றவாறு நெருங்கினார் பல் மருத்துவர். அந்நேரம், ஒரு காலைப் பலகையில் பூட்டி மறுகாலால் பனியை உந்தி உந்தி, மூச்சிரைக்க, மூக்கொழுக, முழங்கை இரண்டும் திசைக்கொன்றாய் வீசத் தோன்றினான் நம் காவலன். லியோனி பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

“இல்ல டாக்டர், என் ஆளு வந்துட்டாரு.”

இழுகோல் காவல் நின்றவனோ வீரனின் நிற்கும் லட்சணத்தை மேலும் கீழும் அளந்துவிட்டு, “சார், இது நாற்காலி இல்ல. உக்காந்துராதீங்க. நின்னுக்கிட்டே இருங்க, அதுவே இழுத்துட்டுப் போகும்” என்று எச்சரித்தான். ராய்ஸ் பெருமிதத்தோடு தலையசைத்தான்.

கோல் வந்தது, இழுத்தது, எழுந்தான், விழவில்லை! அடிவாரம் சிறுத்தது, காபிக்கடை கடுகாயிற்று, இருபுறமும் வெண்பனி சூடிய யூகலிப்டஸ் மரங்கள் கிளை தாழ்த்தி நிற்க, அவற்றின் பட்டையில் செம்மையும் பச்சையும் ஈரத்தில் மின்ன, இணைந்து ஏறினர் இருவரும். பாதி மலை கடந்ததும் லியோனி அவன் தோளில் தலை சாய்த்தாள்.

“இந்த மரத்தையெல்லாம் உனக்குக் காட்டணும்னு எத்தன வருசமா நெனச்சிருக்கேன் தெரியுமா?”

பனியும் காற்றும் மலையும் வெல்லமாட்டாத அம்மாவீரனின் முழங்கால்களை அச்சொல் வென்றது. உள்ளம் உருகி, உடல் நெகிழ்ந்து, பேரின்பப் பெருக்கில் தன்னை மறந்து, நீண்டநாள் பழக்கத்தின்படி நிம்மதியாக அவன் உட்கார்ந்தான். கோல் தாழ்ந்தது. புரண்டனர் இருவரும், பலகைமேல் பலகையும் பாதத்தின்மேல் பாதமுமாய்ப் பாதையோரப் பனிக்குவியலில் புதைந்தனர். அடுத்த கோலில் யாரோ ஒரு முதியவருடன் வந்த பல் மருத்துவர், மரியாதையாகக் கையை உயர்த்திவிட்டு மேலே போய்க்கொண்டே இருந்தார்.

லியோனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ராய்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் ரெண்டு பேரும் பலகையைத் தூக்கிக்கிட்டு, மரத்தையெல்லாம் பாத்துக்கிட்டே நடந்து கீழ வந்தாங்க.