பொட்டு வைத்த சிடி

புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் நான் புழங்க விடமாட்டேன். மிக்ஸி, மோட்டார், தலையில் மாட்டும் ஹெல்மெட், எதுவும் என்னிடமிருந்து தப்பியதில்லை. தப்பியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு சிடி.

அப்போது என் மகன் முருகேசன் கள்ளக்குறிச்சியில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். காரில் டிஜே பாட்டு சிடி ஒன்று கிடந்தது. ஒரு மணி நேரப் பாட்டுகளை ஒட்டி ஒரே பாட்டாக்கியிருந்தார்கள். வண்டியை நிறுத்தி எடுத்தால் மறுபடி முதலிலிருந்தே பாடும். முதலில் வருவது பிள்ளையார் பாட்டு. நான் காரில் போனதெல்லாம் கோயிலுக்கும் கடைக்கும்தான். பிள்ளையாரைத் தாண்டிக் கேட்டதே இல்லை. முழுக்கச் சாமி பாட்டு என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன்.

வடக்கனந்தலில் அவனுக்குப் பெண் பார்த்தோம். எனக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பாதான் பிடிகொடுக்கவில்லை.

"டிரைவர் பசங்க ஆட்டம் ஜாஸ்தின்னு சொல்றாங்களேம்மா."

"எம்புள்ளையா? சாமி பாட்டத் தவிர வேற எதையும் காதுல வாங்க மாட்டான்ங்க, சொக்கத்தங்கம். ஞாயித்துக்கெழம எல்லாரும் வாங்க, கரியாலூர் அருவி பாத்துக்கினு வரலாம். நீங்களே பாருங்க."

மலைப் பாதையில் வாந்திக்காக நாலு இடத்தில் நிற்க வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் பிள்ளையாரே வந்தால் மற்ற சாமிகள் கோபித்துக்கொள்ளாதா? மகனிடம் சொல்லாமல், பாட்டு ஏற்றித் தரும் கடைக்கு சிடியை எடுத்துப் போனேன். துண்டு துண்டாக வெட்டி வேறு சிடியில் ஏற்றினால் விட்ட துண்டிலிருந்து பாடும் என்றார் கடைக்காரர்.

"பாட்டு முடியற எடமாப் பாத்து வெட்டட்டுமாம்மா?"

"ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டையாவா? கரும்புக் கரணை வெட்டறாப்புல ஒரே அளவா வெட்டுப்பா."

"இது கரும்பு இல்லம்மா, பாட்டு."

"வெட்டுப்பா நீ!"

(எனக்குத் தெரியாத வெட்டா?)

வீட்டுக்கு வந்ததும் புது சிடிக்குச் சந்தனத்தைக் குழைத்துப் பொட்டு வைத்தேன். எந்தப் பக்கம்? கண்ணாடி மாதிரி மின்னும் பக்கம்தானே முகம்!

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் பெண்ணும் அவள் அம்மாவும் நானும். மலை ஏறத் தொடங்கியதும் சிடியைக் கொடுத்துப் போடச் சொன்னேன். "இன்னாமா இது?" என்றான் முருகேசன். "சாமி பாட்டுதான், போடுறா" என்றேன்.

பிள்ளையார் பாடினார். பெண்ணின் அப்பா கண்ணை மூடித் தலையசைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது துண்டு தொடங்கியது.

"கையத் தூக்கு மாமே! இடுப்ப ஆட்டு மாமே!"

பின்னாலேயே டமடமவென்று மேளம். கொஞ்ச தூரம் ஓடிய சிடி, என் பொட்டில் இடறி, துண்டின் தலைக்கே திரும்பியது. "கையத் தூக்கு மாமே!" மறுபடி பொட்டு. மறுபடி மாமே.

அணைக்கும் பொத்தான் எப்போதோ உடைந்துபோயிருந்தது. திருப்புளியால் நெம்பினால்தான் அணையும். வளைவுக்கு மேல் வளைவு. ஓரங்கட்ட இடமில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறான். "எம்மா, இன்னாமா பண்ணி வச்ச?" என்று பல்லைக் கடித்தான் முருகேசன். பெண் முந்தானையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். அழுகிறாள் என்றே நினைத்தேன். வழியில் நின்றவர்களெல்லாம் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள். (பின்னால் வந்த பஸ்ஸை நிறுத்தத்தான். அன்று எனக்கு அப்படியா தோன்றியது?)

பெண்ணின் அப்பா ஸ்டேரிங்கையே முறைத்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் அவ்வளவுதான் என்று நான் அருவியை மறந்து திரும்பிப் போகும் வழியை யோசித்துக்கொண்டிருந்தேன்.

கரியாலூரில் வண்டி நின்றது. பாட்டும் நின்றது. அவர் இறங்கினார், துண்டை உதறித் தோளில் போட்டார், என்னைப் பார்த்தார்.

"அம்மாம் வாட்டி கையத் தூக்கு, கையத் தூக்குன்னு கத்தறான். உங்க புள்ள ஸ்டேரிங்க வுட்டு ஒரு வெரலத் தூக்கலைங்க. எனக்கு அது போதுங்க, சம்பந்தியம்மா."

அதுவரை அவருக்கு வெறும் "அம்மா"வாக இருந்தவள் நான்!

"ஆனா, மல எறங்கும்போது பாட்டு வாணாங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

அன்று குலுங்கியது அழுகையில்லை, சிரிப்பு என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் மருமகள் சொன்னாள். இன்றும் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், நான் குங்குமச் சிமிழோடு எழுந்தால் போதும், முதலில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பவள் அவள்தான். நான் அவள் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவேன்.