தேன்மொழிக்கு மன உறுதி அளிக்கப்பட்ட வைபவம்

உலக விளையாட்டு வரலாற்றை இனி எழுதப்போகிறவர்கள் அதை இரண்டாக வகுத்துக்கொள்வது நல்லது: கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் எங்கள் முகாம் நடப்பதற்கு முன், நடந்ததற்குப் பின். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. கழகத்தின் செய்திக் குறிப்பிலேயே இப்படித்தான் இருக்கிறது. அதை எழுதியவன் நான் என்பது வேறு விஷயம்.

எங்கள் ‘கொல்லிச் சிகரத் தடகள மேம்பாட்டுக் கழக’த்தில் நான் இணைச் செயலாளர். தலைவர் அர்த்தனாரி. அடிவாரத்தில் கம்பி, சிமெண்டுக் கடையும் மலைமேல் இரண்டு தங்கும் விடுதிகளும் வைத்திருக்கிறார். செயலாளர் அவருடைய மைத்துனர். பொருளாளர் மைத்துனரின் மனைவி. குடும்பத்தில் ஆள் தீர்ந்துபோன இடத்தில் எனக்குப் பதவி கிடைத்தது. கழகத்தில் ஓடத் தெரிந்த பெரியவர் ஒருவர்தான், பயிற்சியாளர் ரமேஷ்குமார். அவர் செயற்குழுவில் இல்லை. ஓடுகிறவர்களைச் செயற்குழுவில் சேர்த்தால் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும் என்ற அச்சம் எங்களுக்கு உண்டு.

மலைப் பிள்ளைகள் ஏன் மாநில அளவில் சோபிப்பதில்லை என்ற கேள்வி எங்களை நெடுநாளாக வாட்டியது. விடை தேடிச் செயற்குழு பலமுறை கூடி, வடை சாப்பிட்டுக் கலைந்தது. “காலுக்கு ஷூ இல்லீங்க, வயித்துக்குச் சத்தா ஒண்ணுமில்லீங்க, அதானுங்க” என்றார் ரமேஷ்குமார். பாவம், ஓட்டக்காரர், ஆழ்ந்து யோசிக்கும் பழக்கமில்லை. உண்மைக் காரணத்தைத் தலைவர்தான் கண்டுபிடித்தார்.

“அதுகளுக்கு மனசுல உறுதி பத்தலைங்க. எதையும் திட்டம் போட்டுச் செய்யத் தெரியலைங்க. இந்த ரெண்டும் வந்துருச்சுன்னா ஷூவெல்லாம் எதுக்குங்க?”

ஷூ வாங்க ஒதுக்கிய தொகை அன்றே ‘மன உறுதி மற்றும் திட்டமிடல் திறன் மேம்பாட்டு முகாம்’ என்று பெயர் மாற்றம் பெற்றது. சேலத்திலிருந்து யுவராஜ் வரவழைக்கப்பட்டார்.

யுவராஜின் முகவரி அட்டையில் ‘மன உறுதிச் சிற்பி’ என்று அச்சிட்டிருந்தது. கோட்டு போட்டிருந்தார். மலையேறி வந்த களைப்பில் இரண்டு இளநீர் குடித்தார். “சார் எந்த விளையாட்டு ஆடினவரு?” என்று ரமேஷ்குமார் மரியாதையாகத்தான் கேட்டார்.

“நான் ஓடினதில்ல சார். ஓடுறவங்க மனசுக்குள்ள ஓடியிருக்கேன்” என்றார் யுவராஜ்.

தலைவர் கை தட்டினார். அவர் தட்டியதால் நாங்களும் தட்டினோம்.

முகாம் மூன்று நாள். ஒரு சிறு சிக்கல் இருந்தது. மூன்றாம் நாள்தான் நாமக்கல்லில் மாவட்டத் தடகளப் போட்டி. எங்கள் மலையிலிருந்து அதற்குத் தகுதி பெற்றிருந்தவள் ஒரே ஒருத்தி, பத்தாம் வகுப்புத் தேன்மொழி. மூவாயிரம் மீட்டர் ஓட்டம். அதில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் சமவெளியில் ஒரு விளையாட்டு விடுதியில் இடம். சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே, செலவில்லாமல். வராவிட்டால் படிப்பு பத்தாவதோடு நிற்கும். அக்காள் போன நூல் மில்லுக்கே இவளும் போகவேண்டியதுதான். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றால் வயது வரம்பு தாண்டிவிடும்.

“தேதியை மாத்தி வெச்சுக்கலாமுங்களா?” என்று ரமேஷ்குமார் கேட்டார்.

“முகாமுக்குப் பனியன் குடுத்த கம்பெனிக்காரங்களுக்கு அந்த வாரம்தான் தோதுங்க” என்றார் தலைவர். “அதுமில்லாம பரீட்சைக்கு முந்தின ராத்திரிதான படிக்கறோம்? போட்டிக்கு முந்தின நாள் பயிற்சி குடுத்தா சூடு ஆறாம இருக்குமுங்க. காலைல கழக வேன்ல நீங்களும் அந்தப் புள்ளையும் போயிருங்க. ஏற்பாடு என்னோடது.”

தலைவரே பொறுப்பேற்றுக்கொண்ட பிறகு யாருக்கு என்ன கவலை?

மலையில் சமதளம் என்பது அரிய பொருள். நாடு என்று நாங்கள் சொல்லும் எங்கள் ஊர்த் தொகுதியில் பிள்ளைகள் ஓடிப் பழக இருப்பது ஒரே மைதானம். அதில்தான் பந்தல் போட்டோம். பந்தல்கால் நட ஓடுதளத்தில் வரிசையாகக் குழி தோண்டவேண்டியிருந்தது. ஓட்டப் பயிற்சி அந்த வாரம் முழுக்க நின்றுபோனது. தொடர் பயிற்சியின் அவசியம் குறித்து யுவராஜ் அந்தப் பந்தலில் நின்றுதான் முதல் உரையை ஆற்றினார்.

முதல் நாள் தலைப்பு, ‘அச்சத்தை வெல்வோம்’. முகாமுக்கு வந்த ஐம்பது பிள்ளைகளும் ‘மன உறுதி’ என்று நெஞ்சில் அச்சடித்த மஞ்சள் பனியனோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். யுவராஜ் தேன்மொழியை எழுப்பினார்.

“உன்னை ரொம்பப் பயமுறுத்துறது எது?”

“கரடிங்க.”

“அந்தக் கரடி எங்க இருக்கு? நல்லா யோசி. அது உன் மனசுக்குள்ள இருக்கு.”

“இல்லீங்க. மொளகுத் தோட்டத்துல இருக்குதுங்க. நேத்துகூட வந்துச்சு.”

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் யுவராஜ் அசரவில்லை. எதார்த்தத்தைப் பிடித்துத் தொங்குவதுதான் தோல்வியாளர்களின் முதல் அடையாளம் என்று விளக்கினார். நான் குறித்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் தலைவரின் தங்கும் விடுதி அறைக்குத் திரும்பும்போது மட்டும், டார்ச் லைட்டோடு இரண்டு பேர் துணைக்கு வேண்டும் என்று கேட்டார். அனுப்பிவைத்தோம்.

இரண்டாம் நாள் தலைப்பு, ‘திட்டமிடு, வெற்றி கொள்’. ஆளுக்கொரு வழவழப்பான நாட்குறிப்பு கொடுக்கப்பட்டது. அதிகாலைக்கு நேரே ‘எனக்கே எனக்கான நேரம்’ என்று அச்சாகியிருந்தது.

“தேன்மொழி, நீ எத்தனை மணிக்கு எந்திரிப்பே?”

“நாலரைக்குங்க.”

“அருமை. எந்திரிச்சுத் தியானமா?”

“மாட்டுக்குத் தண்ணி காட்டோணுங்க. அப்புறம் சோறு ஆக்கிப்போட்டு, பள்ளிக்கூடத்துக்கு மேட்டு வழியா ஓடி வாரேனுங்க.”

“பார்த்தீங்களா, இங்கதான் தப்பு” என்று யுவராஜ் எங்கள் பக்கம் திரும்பினார். “இவளோட நாள்ல இவளுக்குன்னு நேரமே இல்ல. தேன்மொழி, எல்லாத்தையும் நீயே இழுத்துப் போட்டுக்கக் கூடாது. வேலையைப் பகிர்ந்து குடுக்கணும். மாட்டை உன் ‘டீம்’கிட்ட ஒப்படை.”

“டீமுங்களா? அம்மா விடிஞ்சதும் மரவள்ளிக் காட்டுக்குப் போயிருமுங்க. அப்புறம் மாடும் நானுந்தான்.”

மாட்டையும் டீமில் சேர்க்கலாமா என்பது பாடத்திட்டத்தில் இல்லை. யுவராஜ் உடனே ஒரு கண்ணாடி ஜாடியைக் கையில் எடுத்தார். முதலில் பெரிய கற்களைப் போட்டார். பிறகு கூழாங்கல், கடைசியில் மணல். மணலை முதலில் கொட்டினால் பெரிய கல்லுக்கு இடமிருக்காது, ஆகவே முக்கியமானதை முதலில் செய்யவேண்டும் என்றார். மெய்சிலிர்க்க வைத்த காட்சி. மலையில் கல்லுக்கும் மணலுக்கும் பஞ்சமில்லை, இத்தனை நாள் அவற்றை வீட்டுக்கு அஸ்திவாரம் போடத்தானே வீணடித்துக்கொண்டிருந்தோம்.

தேன்மொழி கை தூக்கினாள்.

“ஏனுங்க சார், நாளைக்கு நாமக்கல்லுல போட்டிங்க. இங்க நிறைவு விழாவுமுங்க. இதுல பெரிய கல்லு எதுங்க, மணலு எதுங்க?”

“மிகச் சிறந்த கேள்வி” என்றார் யுவராஜ். “இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் நாட்குறிப்புல எழுதி வெச்சுக்கணும்.” பிறகு டீ இடைவேளை விடப்பட்டது.

மூன்றாம் நாள் காலையில் வேன் பந்தல் வாசலில் தயாராக நின்றது. தேன்மொழி பையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் காலில் பழைய ஷூ, முனையில் பஞ்சு அடைத்தது, ரமேஷ்குமார் எங்கோ கேட்டு வாங்கி வந்தது. ஒன்பதரைக்குள் நாமக்கல் மைதானத்தில் பெயர் கொடுக்கவேண்டும். அந்த நேரத்தில்தான் தலைவருக்குப் போன் வந்தது. சிறப்பு விருந்தினர், ஓய்வு பெற்ற ஒரு பெரிய அதிகாரி, அடிவாரத்தில் காத்திருக்கிறார். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் தன் புதுக் காரை ஏற்ற அவருக்கு மனம் ஒப்பவில்லை.

“எறங்கு கண்ணு” என்றார் தலைவர். “ஐயாவைக் கூட்டிட்டு வேன் இப்ப வந்துரும். வந்ததும் நீ கெளம்பலாம்.”

வேன் இறங்கிப் போனது. தேன்மொழி பந்தலில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் நாமக்கல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு மைதானத்து முனையில் வந்து நின்றது. அவள் எழுந்தாள். ரமேஷ்குமாரும் அவளுடைய பையை எடுத்துத் தோளில் போட்டார்.

“எங்கீங்க கெளம்பிட்டீங்க?” என்றார் தலைவர்.

“பஸ்ஸுலயே போயிர்றோமுங்க. வேன் வந்து திரும்புனா நேரம் பத்தாதுங்க” என்றார் ரமேஷ்குமார்.

“அம்பது பனியன் குடுத்துருக்காங்க. போட்டோவுல அம்பது புள்ளைக நிக்கோணும். நாப்பத்தொம்போது நின்னா நான் என்ன பதில் சொல்றது? அப்புறம் மைக்கை யாருங்க புடிப்பா? இந்த மாசம் உங்க ஒப்பந்தம் வேற புதுப்பிக்கோணும், ஞாபகமிருக்குதுங்களா?”

ரமேஷ்குமாருக்கு ஞாபகம் இருந்தது. பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, வரவேற்புரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். யுவராஜ் எழுந்து வந்து தேன்மொழியின் தோளைத் தொட்டார்.

“பஸ்ஸைப் பார்க்காதே. பஸ் ஒரு கவனச் சிதறல். கண்ணை மூடு. மூச்சை இழுத்துவிடு.”

தேன்மொழி கண்ணை மூடவில்லை. கண்டக்டர் இரண்டு முறை விசில் கொடுத்தார். பஸ் வளைவில் திரும்பி மறையும் வரைக்கும் அவள் நின்றபடியே பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

வேன் வந்தபோது வெயில் பந்தலுக்குள் இறங்கிவிட்டது. ஐயா அடிவாரத்தில் சிற்றுண்டி முடித்து, பாதி வளைவுகளில் இறங்கி வாந்தி எடுத்து, அருவியைப் பார்த்துப் படமும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, இயற்கையை நேசிக்கிறவர். ‘நேரம் தவறாமையே வெற்றியின் படிக்கட்டு’ என்ற தலைப்பில் ஒரு மணி நேரம் பேசுவதாக இருந்தது, இரண்டு மணி நேரம் பேசினார். நாமக்கல்லில் மூவாயிரம் மீட்டர் ஓட்டம் அவருடைய உரையின் நடுப்பகுதியில் ஓடி முடிந்தது. ரமேஷ்குமாரின் போனுக்குச் செய்தி வந்தது. அங்கே முதலிடம் பெற்றவள் எடுத்துக்கொண்ட நேரம், தேன்மொழி வழக்கமாக எடுத்துக்கொள்வதைவிட அதிகம்.

அடுத்து விருது. ‘மன உறுதிச் செம்மல்’ கேடயத்துக்கு யாரைத் தேர்வு செய்வது என்று செயற்குழு மேடையிலேயே குசுகுசுத்தது. “பஸ் போனப்போ அந்தப் பொண்ணு அழல சார். நான் கவனிச்சேன்” என்றார் யுவராஜ். அதற்குமேல் விவாதிக்க எதுவுமில்லை. மைக் ரமேஷ்குமார் கையில் இருந்தது. அவர் வாய் திறக்காததால் தலைவரே அதைப் பிடுங்கி அறிவித்தார்: “முதலிடம், நம்ம மலையின் பெருமை, தேன்மொழி.” நான்கு ஒலிபெருக்கியிலும் அது நாலா பக்கமும் போய் மலையில் மோதித் திரும்பியது.

கேடயத்தை வாங்கியவளிடம் யுவராஜ் மைக்கை நீட்டினார். “இந்த மூணு நாள்ல என்ன கத்துக்கிட்டே? ஒரே வரியில சொல்லு.”

“பஸ்ஸு போயிருச்சுங்க” என்றாள்.

“கேட்டீங்களா?” யுவராஜ் எங்களைப் பார்த்துப் பூரித்தார். “கோபம் இல்ல, புலம்பல் இல்ல. நடந்ததை அப்படியே ஏத்துக்குற மனசு. இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்.” ஐம்பது பனியன்களும் வரிசையில் நிற்க, போட்டோ அருமையாக விழுந்தது.

பந்தலைப் பிரிக்கத் தொடங்கியபோது பெருமாயி வந்தாள். தேன்மொழியின் அம்மா. மரவள்ளிக் காட்டிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள், காலெல்லாம் செம்மண். ஒரு சீப்பு மலை வாழைப்பழத்தை முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

“ஏனுங்க சாமி, காட்டுல நின்னேன், உங்க கொழா ரேடியாவுல கேட்டுச்சுங்க. எம் புள்ள மொதோ எடமாமே? வாத்தியாருக்குக் குடுக்கலாம்னு பழம் கொண்டாந்தேன். எப்பங்க அவ நாமக்கல்லுல இருந்து வருவா? அந்த விடுதிக்கு எப்பங்க கூட்டிட்டுப் போவாங்க?”

எதிரே இருந்தவன் நான்தான். தலைவர் சிறப்பு விருந்தினரை வழியனுப்பப் போயிருந்தார். வேனில்தான். தேன்மொழி பந்தல் மூலையில் கேடயத்தைக் காலடியில் வைத்துவிட்டு, ஷூவுக்குள் இருந்த பஞ்சை விரலால் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தும் எழுந்து வரவில்லை. கழகத்தின் சாதனையை எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருந்தது.

“போட்டிக்கு அவ போகலம்மா. விடுதிக்கும் இனி வழியில்ல. ஆனா அதைவிடப் பெருசா ஒண்ணு நடந்திருக்கு” என்று தொடங்கினேன். “கண்ணு முன்னாடி பஸ்ஸு போச்சு. உம் பொண்ணு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அந்த மன உறுதிக்குத்தான் முதலிடம். மூணே நாள்ல நாங்க கத்துக்குடுத்தது அது.”

பெருமாயியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மகளைப் பார்த்தாள், கேடயத்தைப் பார்த்தாள், ஓடுதளத்தில் வரிசையாகத் தோண்டிக் கிடந்த குழிகளைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“அழுவாம இருக்கறதுக்கு எங்கூட்டுலயே கத்துக்கிட்டாளுங்க சாமி. ஓடறதுக்குத்தானுங்க உங்ககிட்ட உட்டேன்.”