தண்ணீர்ப்பந்தலில் நான் வடித்த உப்பு

எங்கள் வேலணைத் தீவில் இன்று என்னிடம் இருப்பதெல்லாம் நானே கட்டியவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்பார்கள், நம்பாதேயுங்கோ.) பற்றைக்காடாய்க் கிடந்த காணியில் கல்வீடு கட்டினேன். ஓடாது என்ற இடத்தில் கடை ஓடியது. தண்ணீர் வராது என்ற இடத்தில் கிணறு வெட்டினேன், வந்தது. உப்பாக வந்தது, அது வேறு கதை.

அந்த வேறு கதைதான் இது.

எங்கள் கோயில் தேர்த்திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடும் பொறுப்பு என் கைக்கு வந்தது. வழக்கமாக நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வரும். "கிணறு இருக்கப் பவுசர் என்னத்துக்கு?" என்று கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன். (கூட்டங்களில் நான் இருந்து பேசுவதில்லை.)

பெரிய பரல் பீப்பா ஒன்றில் அடியில் சல்லிக்கல், மேலே பக்கத்து ஊர் மண்கும்பானின் மணல், அதற்கும் மேலே சிரட்டைக்கரி போட்டேன். கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் உப்பு மணலில் மாட்டிக்கொள்ளும். கீழே நல்ல தண்ணீர் வரும். இதுதான் என் விஞ்ஞானம்.

மனைவி தவமணி அகப்பையோடு குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, தேங்காய்ப்பால் சொதியை வடிச்சா உப்புப் போகுமோ?"

"சொதி வேறை, கிணறு வேறை. உமக்கு உது விளங்காது. பவுசர்காரத் தம்பிக்கு ஃபோன் எடுத்து வரவேண்டாமெண்டு சொல்லும்."

"ஓம், ஓம்" என்றாள்.

தேரன்று காலை முதல் தண்ணீர் வடிந்தது. கண்ணாடிதான்! வாயில் விட்டுப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தேர் வீதி சுற்றி இருப்புக்கு வரும்வரை பச்சைத்தண்ணீரும் படாத விரதம் எனக்கு. உதவிக்கு நின்றவர்களும் விரதம்.

வடம் பிடித்துக் களைத்து வந்த செல்லத்துரை அண்ணைதான் முதலில் குடித்தார். மிச்சத்தை நிலத்தில் ஊற்றினார்.

"தம்பி, உதுக்கு நாங்கள் கடலுக்கே போயிருக்கலாமே. நடக்கிற தூரம்தானே."

நான் அசரவில்லை. தேசிக்காய் பிழிந்து சீனி போடச் சொன்னேன். முதல் பை கரைந்தது. இரண்டாவதும் கரைந்தது. அதற்குப் பிறகு போட்டதெல்லாம் அண்டாவில் கரைந்தது, எவ்வளவு துழாவியும் உப்புத்தான் போகவில்லை. உப்பும் சீனியும் உள்ளே சண்டை பிடித்துச் சீனி வெல்லும் என்று நினைத்தேன். இரண்டும் நல்ல ஒற்றுமையாக இருந்தன.

பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு அக்கா குடித்துவிட்டுக் கேட்டார்: "அண்ணை, இது வயித்தாலை போனா ஆஸ்பத்திரியிலை கரைச்சுக் குடுக்கிற தண்ணியெல்லோ?"

பந்தலே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேர் தெற்கு வீதியில் நின்றது. சுடுமணலில் வெறுங்காலோடு இழுத்தவர்களில் ஒருவர் தலைசுற்றிக் குந்திவிட்டார். ஊருக்கே தாகம், நல்ல தண்ணீர் ஒரு சொட்டில்லை, காரணம் நான்.

அப்போது கோர்ண் சத்தம் கேட்டது. பவுசர்!

"தவமணி அக்காதான் வரச்சொன்னவ" என்றான் சாரதி.

பந்தலில் நின்ற தவமணியைப் பார்த்தேன். "நீர் ஃபோன் எடுத்துச் சொல்லேல்லையோ?"

"சொன்னனான். கொஞ்சம் கெதியா ஓடிவாரும் எண்டு சொன்னனான்."

மறுநாள் அவள் உப்புப் போட்டு மரவள்ளிக்கிழங்கு அவித்தாள். சட்டியின் மூடியைத் தூக்கும்போது ஒரு சொட்டு என் கையில் விழுந்தது. நக்கினேன். உப்பில்லை! சட்டித் தண்ணீரைத் தொட்டு நக்கினேன். உப்பு! நாக்கும் வெந்தது. ஆனால் விளங்கிவிட்டது: ஆவியாகி மேலே ஏறுவது தண்ணீர் மட்டும்தான்; உப்புக்கு ஏறத் தெரியாது. மணலால் ஏலாததை மூடி செய்கிறது.

அன்றே சீமெந்தில் ஒரு தொட்டி கட்டி, காய்ந்ததும் உள்ளே கறுப்படித்து, கிணற்றுத் தண்ணீரை விட்டு, மேலே பழைய யன்னல் கண்ணாடியைச் சரித்து மூடினேன். வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. கண்ணாடியின் உட்பக்கத்தால் வழிந்த தண்ணீரைப் பின்னேரம் தவமணியிடம் நீட்டினேன். குடித்தாள். இன்னும் கேட்டாள். எனக்கு அது போதும்.

இப்போது எங்கள் ஊர் முன்பள்ளி முற்றத்தில் அப்படித் தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். நான் புதுத்திட்டம் எதையாவது தொடங்கினால், கனடாவிலிருந்து மகள் ஃபோனில் கேட்கிறாள்: "அப்பா, சொதியை வடிச்சுப் பாத்தனீங்களோ?"

அது போகட்டும். முன்பள்ளிச் சுவரில் "தவமணி அம்மாவின் யோசனை" என்று எழுதியிருக்கிறார்கள். யோசனை அவளுடையது என்றே வைப்போம். மூடித் தண்ணீரை நக்கியது யார்? நாக்கைச் சுட்டது யார்? தொட்டிகளைக் கட்டியது யார்? அவளுடைய பெயருக்குக் கீழே என் பெயரும் வரவேண்டும். சின்ன எழுத்தென்றாலும் பரவாயில்லை. மழைத் தண்ணீரில் கரையாத பெயின்ற்றாக இருக்கவேண்டும்.